குப்புராஜுக்கு ஒரு ஃப்ரேம்

"அண்ணே, மூஞ்சிய அதுல இடிக்காதீங்க. போன வாரந்தான் புதுசா மாட்டுனோம்" என்றாள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் சுகிர்தா.

குப்புராஜ் மூக்கைச் சுவரில் இருந்த கண்ணாடியிலிருந்து எடுத்தான். மூக்கு ஒட்டினால்தான் ஏதாவது தெரிந்தது. அதுவும் ஒரு கண்ணும் பாதிப் புருவமும். ஒரு அடி தள்ளி நின்றால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பூசணிக்காய் நின்றது. புது ஃப்ரேம் போட்டுப் பார்க்கப் பழைய கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் போட்டது தெரியாது. கடை வைத்திருக்கிறவர்கள் இதை யோசித்த மாதிரி இல்லை.

"பழச குடுங்க. மெஷின்ல வெச்சு பவரு பாக்கணும். ஸ்க்ரூவும் ஆடுது. அதுக்குள்ள நீங்க ஃப்ரேம் பாத்துகினு இருங்க."

"எத வெச்சுகினு பாக்கறது?"

அவள் அதற்குள் உள்ளறைக்குப் போய்விட்டாள். உள்ளே லென்ஸ் தேய்க்கிற மெஷின் கத்தத் தொடங்கியது.

குப்புராஜ் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டுகிறவன். தடிக் கண்ணாடி போட்டவன் கிரேனில் உட்காரக் கூடாது என்று புது மேனேஜர் சொல்லியிருந்தார். வருகிற திங்கட்கிழமை எல்லாருக்கும் கண் டெஸ்ட். இறக்கிவிட்டால் மறுபடியும் ஸ்க்ராப் யார்டுதான். ஒன்பது வருஷம் அங்கே வெயிலில் இரும்பு பொறுக்கி, இடது காலில் ரெண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன் அவன். கிரேன் மேலே நிழலாவது இருக்கிறது. அதனால் அவனுக்குத் தேவை ஒன்றே ஒன்று. தடிமன் வெளியே தெரியாத ஒரு ஃப்ரேம்.

ஃப்ரேம் அடுக்கிய பலகை ஓரம் வெள்ளையாக ஒரு சட்டை அசைந்தது. இன் பண்ணிய சட்டை. கையில் ஒரு ஃப்ரேமை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தது. ஓனர்தான் என்று குப்புராஜ் முடிவு செய்தான்.

"சார், தடிமன் தெரியாத மாதிரி ஃப்ரேம் வேணும்."

"எனக்கும் அதுதான் பிரச்சனை. இவ்வளவு தடியா போட்டுக்கிட்டு உட்கார்ந்தா வர்றவன் நம்மள நம்புவானா?"

குப்புராஜுக்கு அது நியாயமாகப் பட்டது. கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண் இல்லையென்றால் எவன் வாங்குவான்?

"அப்ப நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க சார்."

"நானா? நீங்க சொல்லுங்க. இங்க எவ்வளவு வருஷமா இருக்கீங்க?"

"கும்மிடிப்பூண்டிலயா? பதினாறு வருஷம்."

"அப்ப நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

குப்புராஜ் குழம்பினான். ஊருக்கும் ஃப்ரேமுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆலையில் ஒருவன் சொன்னது ஞாபகம் வந்தது. "ஃப்ரேம் பெருசா இருந்தா லென்ஸ் ஓரம் தடியா நிக்குமாம் சார். சின்னதா, வட்டமா எடுத்தா ஓரத்த வெட்டிப் போட்டுருவாங்களாம்."

கைக்கு அகப்பட்டதில் சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டினான். வெள்ளைச் சட்டைக்காரர் அதை வாங்கித் தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்" என்றான் குப்புராஜ். அங்கேயும் ஒரு பூசணிக்காய்தான் இருந்தது. போட்டுக் காட்டி விற்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அதே மாதிரி இன்னொன்றைத் தடவி எடுத்துத் தானும் மாட்டிக்கொண்டான். போனை நீட்டினான். "ஒரு போட்டோ எடுங்க சார். கிட்ட வெச்சா எனக்கு நல்லா தெரியும்."

அவர் போனைத் தூக்கிப் பிடித்தார். "இந்தப் பக்கம் திரும்புங்க."

"திரும்பித்தான சார் இருக்கேன்."

"அப்ப சரி."

குப்புராஜ் போனை மூக்கருகே கொண்டுவந்து துண்டு துண்டாகப் பார்த்தான். முதலில் காது. நல்ல காது. பிறகு கண். ஃப்ரேமுக்குள் பெரிதாக, அழகாக இருந்தது. தாடையில் ஒரு முள் முடி இல்லை. ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவன் மூஞ்சியா இது? ஒரு ஃப்ரேம் ஆளை இவ்வளவு மாற்றுமா? இன்னும் கொஞ்சம் நகர்த்தினான்.

"சார், மீசை எங்க?"

"என்ன?"

"எனக்கு மீசை இருக்குது. போட்டோல காணோம்."

"இப்ப வர்ற போன்ல எல்லாம் அப்படித்தான். அதுவே மழிச்சு விட்டுடுது."

அவனுக்குப் பாதி நம்பிக்கை வந்தது. மீதிக்காக ஆரம்பாக்கத்தில் வீட்டிலிருந்த பெண்சாதிக்குப் போட்டோவை அனுப்பினான். உடனே அஞ்சம்மாள் கூப்பிட்டாள்.

"யாருய்யா இந்தப் புள்ள? மூக்கும் முழியுமா இருக்கான். நம்ம பொண்ணு கல்பனாவுக்கா?"

"அடியே, அது நாந்தான்."

"ஊட்டுக்கு வந்து படு மொதல்ல. ராத்திரி பூரா முழிச்சுகினு வெயில்ல சுத்தாத. பையன் இன்னா வேலை செய்றான்?"

"பையன் இல்லடி. நானு. ஃப்ரேம் எப்டி கீது, அத சொல்லு."

"அதெல்லாம் ஜோரா கீது. ஆனா மாப்ள போட்டோல எதுக்குய்யா ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’னு எழுதிகீது?"

குப்புராஜ் போனை வைத்தான். கையை நீட்டிப் பின்பக்கம் தடவினான். சுவரில் வழவழவென்று ஆள் உயரக் காகிதம். போட்டோவில் விழுந்தது அந்த விளம்பரத்தில் இருந்த ஆள். ஓனருக்குக் கண் அவ்வளவு மோசமா, இல்லை தன்னைக் கிண்டல் செய்கிறாரா என்று புரியவில்லை. திட்டவும் முடியாது. இந்த ஆள் நினைத்தால்தான் திங்கட்கிழமைக்குள் கண்ணாடி கிடைக்கும். மனசைத் திறந்து சொன்னால் அக்கறையாகப் பார்ப்பார் என்று பட்டது.

"சார், எனக்கு அழகெல்லாம் வேணாம். கம்பெனில கண்ணு டெஸ்ட்டு. தடிமன் தெரிஞ்சா கீழ இறக்கிடுவாங்க. அதான் பேஜாரா கீது."

"தடிமனை மறைச்சிட்டாப் போதுமா? எழுத்து அட்டைய படிக்கச் சொல்லுவாங்களே?"

"கிரேன்லேர்ந்து கொக்கி தெரியுது, கீழ ஆளு தெரியுது. அட்டைல கடைசி ரெண்டு லைன் மட்டும் எந்தக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. அதுக்கு வேற வழி வெச்சுகீறேன்." குரலைத் தாழ்த்தினான். "வருஷா வருஷம் அதே அட்டைதான் சார் மாட்றாங்க. மனப்பாடம். எல், ஈ, எஃப், ஓ, டி, பி..."

"எந்தக் கம்பெனி?"

"பைபாஸ் ஓரம், பச்சை கேட்டு."

"திங்கட்கிழமையா?"

"ஆமா சார். வெளியேர்ந்து எவனோ டாக்டர் வர்றானாம். வந்தா இன்னா? அவன் அட்டைய பாப்பானே தவிர நம்ம மூஞ்சிய பாப்பானா?"

வெள்ளைச் சட்டைக்காரர் இருமினார். போட்டிருந்த ஃப்ரேமைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் விலையே கேட்கவில்லை, அதற்குள் இந்த ஓனருக்கு என்ன கோபம் என்று குப்புராஜுக்கு விளங்கவில்லை. "இன்னா சார், எதனா தப்பா சொல்லிட்டனா?" என்றான்.

மெஷின் நின்றது. சுகிர்தா கைக்கு ஒன்றாக ரெண்டு கண்ணாடிகளோடு வெளியே வந்தாள். ரெண்டும் சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி இருந்தன. பெரிய தடியை முதலில் வெள்ளைச் சட்டைக்காரர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க டாக்டர் சார், உங்களுது. திங்கக்கிழமை கண்ணு டெஸ்ட்டு எடுக்கப் போறேன்னு சொன்னீங்களே, அந்தக் கம்பெனி சட்டதான் இந்த அண்ணன் போட்டுகினு கீறாரு. பவரு உங்கள விட ரெண்டு கம்மிதான்."