கறுப்பு சரியாகக் கறுக்கவில்லை

துல்லியப் பிரியர் என்று ஓர் இனம் உண்டு. படம் பார்க்காது; படம் தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கும். உங்கள் தெருவிலும் ஒன்றாவது இருக்கும்.

நாம் பார்க்கப்போகிறவர் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். வீட்டில் சுவரை அடைத்துக்கொண்டு 4K டிவி, மூலைக்கு ஒரு ஸ்பீக்கர், தலைக்கு மேல் இரண்டு, இடி இடித்தால் அடிவயிறு அதிர சோபாவுக்குப் பின்னால் பெட்டி ஒன்று. படம் போடுமுன் ஜன்னலை மூடுவார், மின்விசிறியை நிறுத்துவார், சார்ஜரின் சிவப்புப் புள்ளிமேல் கறுப்பு டேப் ஒட்டுவார், முனகுகிறது என்று பிரிட்ஜையும் அணைப்பார். பால் திரிந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். மழைக் காட்சியில் ஒரு துளி கேட்காமல் போனால்? நியாயம்தானே?

அன்று மச்சான் வந்திருந்தார். காணாமல்போன மகளைத் துறைமுகம் துறைமுகமாகத் தேடும் ஒரு தாயின் கதை. மனைவி ஆசைப்பட்டுக் கேட்ட படம். தாய் வாய்விட்டு அழும் இடத்தில் நம்மவர் ரிமோட்டை அமுக்கினார். தாய் அப்படியே நின்றாள்.

"மச்சான், கன்னத்தைப் பாருங்க. மயிர்க்கால் தெரியுதா?"

"தெரியுது அத்தான். அந்தம்மா எதுக்கு அழுறாங்க?"

"அத விடுங்க. மூக்குக்குக் கீழ வேர்வை பாருங்க!"

தாய் கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கினாள். ஒரே இருட்டு. அங்கேதான் வந்தது வினை: கறுப்பு சரியாகக் கறுக்கவில்லை, லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. மறுபடி படம் நின்றது. தாயின் முகத்துக்கு மேல் டிவியின் செட்டிங்ஸ் வெளிச்சம், நிழல், நிறம் என்று கட்டம் கட்டமாகத் திறந்தது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைந்தது. மச்சான் மெல்ல எழுந்து செருப்பை மாட்டினார்.

"அக்கா, பொண்ணு கிடைச்சா போன்ல சொல்லு."

மனைவி பொறுத்துப் பார்த்தாள். "இந்த டிவி வந்ததுலேர்ந்து ஒரு படத்துக்காவது எனக்கு முடிவு தெரியுமா? இந்தப் பொண்ணு கிடைச்சாளான்னு மட்டும் பாத்துக்கிறேங்க."

"இரும்மா. பொண்ணு எங்க போயிடப் போறா?"

"அவ காணாமப் போனதுதாங்க கதையே."

அவர் காதில் விழவில்லை. கறுப்பு பிடிபடும் நேரம். பிடிபட்டும்விட்டது! மை போலக் கறுப்பு! "வா, வந்து பாரு!" என்று பூரித்துத் திரும்பினால், சோபாவில் ஆள் இல்லை. மனைவி பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் போய்விட்டாள். அங்கே அலமாரி மேல் இருந்த, நடுவே கோடு விழுந்த பழைய டிவியில் மீதிப் படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நல்ல கறுப்பை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

கண் சிவந்து, முகம் வீங்கித் திரும்பி வந்தாள். பெண் கிடைத்தாளா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார், பாவம். பழக்கதோஷம் யாரை விட்டது?

"அந்தக் கப்பல் சீன்ல, அங்க கறுப்பு எப்படி இருந்துச்சு?"

"தெரியலைங்க. கண்ணு பூரா தண்ணி."

போய் பிரிட்ஜைப் போட்டாள். பெண் கிடைத்தாளா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இவ்வளவு நேரமும் அந்தப் பெண்ணுக்காகவா மனம் அடித்துக்கொண்டது? இல்லை, டிவி எத்தனை அங்குலம் என்று கதை சொல்கிற இந்த ஆள் சொல்லாமலே முடிக்கிறானே என்றா? இரண்டாவதுதான் என்றால், தயவுசெய்து எழுந்து போய்ப் பாருங்கள், உங்கள் வீட்டாரில் யாரெல்லாம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள் என்று.