நம்பர் அண்ணே பார்க்காத நம்பர்

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் விதியோடு நேருக்கு நேர் பேசத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் சாமியாரும் இல்லை, ஜோசியரும் இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் நம்பர் அண்ணே.

அவருடைய கொள்கை ரொம்ப எளிமை. விதி நம்மிடம் எதையும் மறைப்பதில்லை. நாலு இலக்கத்தில், பெரிதாக, வண்டிகளின் முன்னும் பின்னும் எழுதி ரோட்டில் ஓடவிட்டிருக்கிறது. எதைப் படிக்க வேண்டும் என்று ஒரு விபத்தை நடத்திக் காட்டும். பார்த்ததும் நாலு இலக்க லாட்டரி விற்கும் நம்பர் கடைக்குப் போய், பணம் கட்டி அந்த நம்பரை எடுத்துவிட வேண்டும். மலேசியாவில் இதைச் செய்யாதவர்கள் குறைவுதான். ஆனால் மற்றவர்கள் ஆசைக்குச் செய்தார்கள், அண்ணே கடமையாகச் செய்தார்.

செத்துப்போன சொந்த மாமியாரை ஏற்றிப்போக வந்த வண்டியின் நம்பரைக் குனிந்து பார்த்து, நல்ல நம்பராகத்தான் வந்திருக்கிறது புண்ணியவதிக்கு என்று கண்கலங்கியவர் அவர். அந்த நம்பர் விழவில்லை. எந்த நம்பரும் விழாது. விதி சரியாகத்தான் எழுதியிருக்கிறது, நான்தான் தலைகீழாகப் படித்துவிட்டேன் என்பார். ஒரே ஒரு தடவை ஆறுதல் பரிசு விழுந்தது. தெருவுக்கே வாழையிலை போட்டு ஆட்டிறைச்சி பரிமாறினார். அண்ணி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

ஒருமுறை என் கார் வீட்டெதிரே இருந்த லோங்காங்கில் இறங்கிவிட்டது. இடுப்பளவு சாக்கடைதான். ஆனால் நான் மனைவி பெயர், பிள்ளையார் பெயர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பெயர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி அலறிக்கொண்டிருந்தேன். முதலில் ஓடி வந்தவர் அண்ணே. தோளில் கிடந்த துண்டால் நம்பர் பிளேட்டில் இருந்த சேற்றைத் துடைத்தார். வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, உயிரோட இருக்கியா?"

"பிளேட்டை முதல்ல பார்த்துட்டு இப்ப என்னண்ணே கேள்வி?"

"நீ கத்துறது தெருமுனை வரைக்கும் கேக்குது லா. உயிர் இருக்குன்னு தெரிஞ்சுதான் பிளேட்டப் பார்த்தேன்."

போன வருஷம் எனக்கு நெஞ்சு வலித்தது. வாயு என்று சொல்லிக்கொண்டு ஓமத்தண்ணீராகக் குடித்தேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, ரத்தக்குழாயில் அடைப்பு, சனிக்கிழமை சரிசெய்துவிடலாம் என்றார். சமையலறைக் குழாயைப் பற்றிச் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் காது அடைத்தது.

ஆஸ்பத்திரி கோலாலம்பூரில். என் மனைவி சாந்திக்கு கார் ஓட்டத் தெரியாது. அண்ணே வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். சின்னப் பிள்ளைகள் உட்காரும் சீட்டில், முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்து, வழி முழுக்க உயில் சொல்லிக்கொண்டு போனேன். பேங்க் கார்டின் ரகசிய எண், கருமாதிக்கு யாரைக் கூப்பிடக் கூடாது, கறிவேப்பிலைச் செடிக்கு எப்போது உரம் போட வேண்டும்.

"உரம் நான்தான் போடுறேன். பேசாம வாங்க" என்றாள் சாந்தி.

ஃபெடரல் ஹைவேயில் எதிர்ப்பக்கம் ஒரு லோரி கவிழ்ந்து கிடந்தது. அந்தப் பக்கத்து விபத்துக்கு இந்தப் பக்கமும் ஜாம் ஆவது எங்கள் ஊர் வழக்கம். எல்லாரும் வேகத்தைக் குறைத்து நம்பரைப் படிக்க வேண்டுமல்லவா? கண்ணாடியை இறக்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு ஊரே ஊர்ந்து போனது. அண்ணே மட்டும் திரும்பவே இல்லை. ஹார்ன் அடித்து, கிடைத்த சந்திலெல்லாம் நுழைந்து பறந்தார். நான் உயிலை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். கவிழ்ந்த லோரியையே நம்பர் அண்ணே பார்க்கவில்லை என்றால், என் கதை முடிந்தது என்றுதானே அர்த்தம்?

வார்டில் என் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டினார்கள். அதில் என் பெயர், பெயருக்குக் கீழே ஒரு நீள நம்பர். கடைசி நாலு இலக்கம் மட்டும் சற்றுத் தள்ளி, நம்பர் கடைக்குக் கிளம்பத் தயாராக நின்றது. அண்ணே அதைப் படித்துவிட்டால்? கையைப் போர்வைக்குள் ஒளித்தேன். நர்ஸ் ஊசி போட வெளியே இழுத்தாள். போட்டு முடித்ததும் மறுபடி ஒளித்தேன். குளிருதா அங்கிள் என்று இன்னொரு போர்வை கொண்டுவந்தாள்.

அண்ணே கட்டிலருகே உட்கார்ந்து, மேலே சுற்றும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் கண் வரவே இல்லை. டாக்டர் இவரிடம் ஏதோ சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டி அழ ஆரம்பித்தேன்.

"என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டீங்களாண்ணே?"

"பார்த்தா கண்ணு உன் கைக்குத்தான் போகும் தம்பி. பழகிப்போச்சு." காற்றாடியிடமே சொன்னார். "நடந்து முடிஞ்சதுக்குத்தான் நான் நம்பர் எடுப்பேன். உனக்கு என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல. நடக்காது. தூங்கு."

நடக்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கம்பிச்சுருளோடு அதே வேனில் வீடு வந்தேன். வாசலிலேயே பட்டையைக் கத்தரித்து, இப்போது எடுங்கள் அண்ணே என்று விளையாட்டாக நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் துழாவி வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

இத்தனை காலம் அவரைக் கிண்டலடித்த நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் தலை மறைந்ததும் குப்பையைக் கிளறினேன். எமனையே திருப்பி அனுப்பிய நம்பர், சும்மா விடலாமா? அடுத்த குலுக்கலுக்கே எடுத்தேன். விழவில்லை. ஆறுதல் பரிசுப் பக்கம்கூட எட்டிப்பார்க்கவில்லை.

வெட்கத்தை விட்டு அண்ணேயிடம் போய்ச் சொன்னேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீரை நிறுத்தினார்.

"நல்லாப் பார்த்தியா? நிச்சயமா வரலியா?"

"ஒரு இலக்கம்கூட ஒட்டலண்ணே."

"அப்பாடா" என்றார். "உன் நம்பர்ல விதிக்கு ஒரு வேலையும் இல்ல லா."

ஒரு நம்பர் விழாததற்கு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்போதும் காலையில் என் காரைத் தாண்டும்போது அண்ணே வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறார். இப்படியே போனால் ஒருநாள் அந்த லோங்காங்கில் அவரே விழப்போகிறார். விழட்டும். முதல் ஆளாக நான் ஓடுவேன். அவர் வேன் நம்பரை நான் இதுவரை பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன்.