பெண் கேட்கப் போன பேச்சுவார்த்தைப் பேராசிரியர்

பேச்சுவார்த்தைப் பேராசிரியர் என்று ஓர் இனம் உண்டு. அடிஸ் அபாபாவில் இந்த இனம் கொஞ்சம் அதிகம். தெருவுக்குத் தெரு தூதரகம் இருக்கிற ஊரில் வேறென்ன விளையும்? இவரிடம் மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். "உங்களுக்கு மணி ஏன் தேவைப்படுகிறது?" என்பார். கேட்பது ஒன்று, தேவை இன்னொன்று என்பது இவருடைய முதல் பாடம். நமக்குத் தேவை பஸ். அது போயிருக்கும்.

இந்த இனத்தின் தலைமகன் டாக்டர் அபேபாயெஹு. பல்கலைக்கழகத்தில் ராஜதந்திரம் கற்றுக்கொடுக்கிறார். இவர் வகுப்பில் மாணவர்கள், உலகப் படத்திலேயே இல்லாத இரண்டு நாடுகளாகப் பிரிந்து, அங்கே ஓடாத ஓர் ஆற்றுக்காக, 'கவலை' என்று எழுதுவதா 'ஆழ்ந்த கவலை' என்று எழுதுவதா என மூன்று மணி நேரம் சண்டை போட்டு, தொண்டை கட்டி, காபி குடித்து, மறுபடி சண்டை போட்டு, கடைசியில் 'ஓரளவு ஆழ்ந்த கவலை' என்று கையெழுத்துப் போடுவார்கள். அவருக்குக் கண் கலங்கிவிடும்.

அந்த வகுப்பில் ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சர் நாஹோம். எதிரி நாட்டு அமைச்சர் செலாமாவிட். இருவரும் ஆற்றை மறந்து காதலித்துவிட்டார்கள். தகப்பன் இல்லாத நாஹோம், பெண் கேட்கப் போகும் மூன்று பெரியவர்களில் ஒருவராகப் பேராசிரியரையே கூப்பிட்டான். பையனின் வாழ்க்கையே இவர் வாயில் இருக்கிறது. இவரோ பன்னிரண்டு பக்கக் குறிப்போடு கிளம்பினார்.

பெண் கேட்கிற முறை அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? போனவர்கள் நிற்க வேண்டும். பெண்ணின் அப்பா உட்காரச் சொல்வார். வாக்குக் கொடுத்தால்தான் உட்காருவோம் என்று நிற்க வேண்டும். அவர் கொஞ்சம் பிகு பண்ணுவார். இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். இதில் தேவைப்படுவது இரண்டு கால்கள் மட்டுமே.

செலாமாவிட்டின் அப்பா வொர்க்நெஹ், மெர்காட்டோ சந்தையில் மிளகாய்ப்பொடி வியாபாரி. "உக்காருங்க" என்றார். நாஹோமின் மாமா நின்றார். பக்கத்து வீட்டுப் பஸ் டிரைவர், ஓய்வுபெற்றவர், அவரும் நின்றார். டாக்டர் உட்கார்ந்தார். நிற்கிறவன் பேச்சு எடுபடாது என்பது மூன்றாம் பாடம்.

மாமா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். "எந்திரிங்க டாக்டர், எந்திரிங்க!"

"பொண்ணு இன்னும் படிக்குது. யோசிக்கணும்" என்று வொர்க்நெஹ் வழக்கப்படி பிகு பண்ணினார்.

டாக்டர் புன்னகைத்தார். எதிராளி இழுத்தடித்தால், நம்மிடம் மாற்று வழி இருக்கிறது என்று காட்டிவிட வேண்டும். அது நாலாம் பாடம்.

"தாராளமா யோசிங்க. எங்களுக்கு மாற்று ஏற்பாடு இருக்கு."

"மாற்று ஏற்பாடா? அது யாரு வீட்டுப் பொண்ணு?"

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஐயையோ, ஒரு பொண்ணும் இல்லீங்க! அவரு சும்மா..."

"சும்மாவா? என் வீட்டுக்கு வந்து, என் நாற்காலியிலயே உக்காந்துக்கிட்டு, இன்னொருத்தி இருக்கான்னு சொல்றாரு! கெளம்புங்க எல்லாரும்!"

அப்போதுதான் சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. காபிக்கொட்டை வறுத்த சட்டியும் கையுமாக ஓடி வந்தாள் செலாமாவிட்.

"அப்பா! அது பொண்ணு இல்ல, நாலாம் பாடம்! எனக்கும் அவர்தான் நடத்தினாரு!"

வொர்க்நெஹ் மகளையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "அஞ்சாம் பாடம் என்னம்மா?"

"எந்திரிச்சு வெளிய போற மாதிரி நடிக்கிறது."

"நடிக்கவே வேணாம். நெசமாவே போகச் சொல்லு."

போனார். உள்ளே மற்ற இருவரும் வாயே திறக்காமல் அரை மணி நேரம் நின்றார்கள். டிரைவரின் முழங்கால் நடுங்குவதைப் பார்த்த வொர்க்நெஹ், "சரி, கொடுத்தேன், உக்காருங்கய்யா!" என்று கத்தினார். நாஹோம் பிழைத்தான். அப்பாடா!

அடுத்த வாரம் டாக்டர் வகுப்பில் அறிவித்தார்: "தக்க சமயத்தில் நான் வெளியேறியதால்தான் உடன்பாடு ஏற்பட்டது." மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

சிரிக்கிறீர்களா? நீங்கள் இந்த இனம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். போன வாரம் வீட்டில், "தப்பு என்னுதுதான்" என்று இரண்டே சொல்லில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு எவ்வளவு நேரம் விளக்கம் சொன்னீர்கள்? நீங்கள் முடித்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவர் எந்த அறைக்குப் போயிருந்தார்?