ராஜவேல் என்கிற தண்ணீர்ப் பாக்கெட்

தண்ணீர்ப் பாக்கெட் மனிதர் என்று ஓர் இனம் உண்டு. நான் சொல்லப்போவது தா.பழூர் பக்கம் நடந்த நிஜக் கதை, சத்தியம். கொஞ்சம் இழுத்திருக்கிறேன், முழங்கால் தண்ணீரைக் கழுத்தளவு என்பேன், நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இனத்துக்கு எலும்பு கிடையாது. மாமியார் சொன்னாலும் ‘சரிதான்’, மனைவி சொன்னாலும் ‘சரிதான்’, இழவு வீட்டில் பிணத்திடம் நலம் விசாரித்து, அது பேசாமல் கிடந்தால் ‘அதுவும் சரிதான்.’ எங்கள் ராஜவேல் இதில் முதல் தரம்.

அன்றைக்கு வாய்க்காலில் எங்கள் ஊருக்கு முறைத் தண்ணீர், பதினோரு மணி வரைக்கும்தான். மேல் வயல் மணிமாறனும் கீழ் வயல் அங்கமுத்துவும் ஆளாளுக்குத் தனக்குத்தான் முதல் பாய்ச்சல் என்று மண்வெட்டியோடு மடையில் நின்றார்கள். போன முறை முந்தியவர் இந்த முறை பிந்த வேண்டும். போன முறை முதலில் பாய்ச்சியது யார்? பார்த்த ஒரே ஆள் ராஜவேல். அவர் வாய் திறந்தால் மடை திறக்கும். மடை திறந்தால்தான் நடுவில் காய்கிற அவருடைய நாற்றங்கால் பிழைக்கும். அவரோ முந்தின நாளே இருவரிடமும் தனித்தனியாக ‘உங்க பக்கந்தான் நியாயம்’ என்று சொல்லி டீ குடித்திருந்தார்.

“ஏங்க, யாரு மொதல்ல பாய்ச்சுனதுன்னு சொல்லித் தொலைங்க. நாத்து கருகுது” என்றாள் மனைவி கலையரசி.

“ரெண்டு பேரு சொல்றதும் சரிதான், கலை.”

வாய்க்காலில் யாரோ பாதி குடித்து முடிச்சுப் போட்டு எறிந்த தண்ணீர்ப் பாக்கெட் ஒன்று கரையோரமாக வந்தது. கலையரசி கையை நீட்டினாள்.

“அதப் பாருங்க. நடுத்தண்ணி வேகமா இழுக்குது, கரைத்தண்ணி மெதுவா இழுக்குது. தோலும் உள்ள இருக்குற தண்ணியுந்தான் சுத்திச் சுத்தி வருது. ஆனா பாக்கெட்டு உருளாம சாஞ்சது சாஞ்சபடியே போவுது. அச்சு அசலா நீங்கதான்.”

ராஜவேலுக்கு ரோஷம் வரவேண்டுமா இல்லையா? பூரித்துப்போனார். பின்னாலேயே ஒரு விறைப்பான காலி பாட்டில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு வந்தது.

“பாட்டிலு உருளுது, பாக்கெட்டு உருளலயே. பாத்தியா?” என்றார். பாக்கெட் கூடவே கரையில் நடந்தும் விட்டார்.

இங்கே மடையில் நின்ற விறைப்பானவர்கள் இருவரும் கட்டிப்பிடித்து வாய்க்காலில் விழுந்து, கடல் வரைக்கும் உருண்டார்கள். சரி, பத்தடி. அதற்குள் மணி பதினொன்று. தண்ணீர் அடுத்த ஊருக்குத் திரும்பிவிட்டது. நாற்றங்கால் பொரித்த அப்பளம். சேற்றில் பாக்கெட் மட்டும் குண்டாக, சாய்ந்தபடி கிடந்தது.

இதை அரியலூர் பஸ்ஸில் சொல்லி முடித்தேன். “வாயத் தொறக்காத ஆளுக்கு வயலு எதுக்கு?” என்றார் முன்சீட்டு ரத்தினம்மாள். “தொறந்திருந்தா மண்டை ஒடஞ்சிருக்கும், தெரியுமா?” என்றார் பின்சீட்டு மணிவேல். கூடை எழுந்தது, குடை எழுந்தது, கண்டக்டர் விசிலடித்தும் அடங்கவில்லை. இருவரும் நியாயம் கேட்டு இப்போது உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

அது சரி, உங்கள் தலை ஏன் இரண்டு பக்கமும் ஆடுகிறது?