ஐந்து பேர் கொண்ட கொம்பனி

ரெலிபோனில் பதிந்திருந்த செய்தியை அன்புராசா மூன்றாவது முறையும் போட்டுக் கேட்டான். மூன்று முறையும் அது ஒன்றையேதான் சொன்னது. நோர்வே நாட்டு முதலீட்டாளர் மிஸ்டர் ஹாகன், தமது தொழில்நுட்பப் பணிப்பாளர் அம்மையாரோடு இன்று சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறார். கொம்பனியின் ஐந்து பேரையும் நேரில் பார்க்க விரும்புகிறார்.

“எந்த ஐஞ்சு பேர்?” என்று கேட்டாள் மனைவி பாலேஸ்வரி.

அன்புராசா கொம்பியூட்டருக்கு மேலே இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தான்.

“அவரை ஏன் பாக்கிறியள்? நான்தான் கேக்கிறன். இந்த பேஸ்மென்ரிலை நீங்கள் ஒராள்தானே வேலை செய்யிறியள்.”

“அவை அனுப்பின ஃபோமிலை, உங்கடை கொம்பனியிலை எத்தினை பேர் எண்டு கேட்டிருந்தது. ஐஞ்சு எண்டு போட்டன்.”

“ஏனப்பா பொய் எழுதினீங்கள்?”

“பொய் இல்லை, எண்ணித்தான் பாத்தனான். புரோகிராம் எழுதினது நான். லண்டனிலை இருந்து மற்றப் பக்கத்தைச் செய்யிறது ஜனார்த்தன். மூண்டு வருஷமாச் சோறு போட்டது நீர். இந்தக் கொம்பியூட்டரைத் தேடி வாங்கி ரக்சியிலை ஏத்திக்கொண்டு வந்தது உம்மடை அண்ணை. மேல்வீட்டு அன்ரி தன்ரை ரெலிபோன் லைனை விட்டுத் தந்திருக்கிறா. இதிலை ஆரை விடச் சொல்லுறீர்?”

பாலேஸ்வரியால் அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. தன் பெயரும் ஒரு கொம்பனியில் இருக்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில், வீட்டுக்குக் கீழே இருந்த அந்த பேஸ்மென்டுக்குள் மூன்று வருடமாக அன்புராசா ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தான். ரொறன்ரோவில் இருப்பவர் பேசும் குரலைத் துண்டு துண்டாக்கி, இன்டர்நெட்டுக்குள்ளால் அனுப்பி, லண்டனில் இருப்பவரின் காதில் மறுபடியும் ஒட்டவைக்கும் காரியம். ஏற்கெனவே இரண்டு முதலீட்டாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவன் வேலைசெய்யும் ரப்பர் தொழிற்சாலை தந்த லீவும் திங்கட்கிழமையோடு முடிகிறது. ஹாகனும் வேண்டாம் என்றால் கொம்பியூட்டரை விற்றுவிட்டு முழுநேர வேலைக்குத் திரும்பிவிடுவதாகப் பாலேஸ்வரிக்கும் பிள்ளையாருக்கும் அவன் வாக்குக் கொடுத்திருந்தான். இருவரில் ஒருவரையாவது ஏமாற்றலாம் என்ற எண்ணம் அவனிடம் இல்லை.

ஹாகனைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரை அவனுக்கு மனப்பாடம். மீனவரின் மகன். இருபத்துநான்கு வயதில் கப்பல்களுக்கான மென்பொருள் கொம்பனி தொடங்கி விற்றவர். பிறகு கைத்தொலைபேசிகளுக்கு ஒன்று. அதையும் பெரிய விலைக்கு விற்றவர். இப்போது உலகமெல்லாம் சுற்றிச் சின்னக் கொம்பனிகளைத் தேடிப்பிடித்துக் கைதூக்கிவிடுகிறவர்.

“அப்ப அண்ணையைக் கூப்பிடுறன்” என்றாள் பாலேஸ்வரி.

அங்கேதான் கரைச்சல் தொடங்கியது.

மகேஸ்வரன் தன்னுடைய கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். ரக்சி ஓட்டுவதில் பத்து வருட அனுபவம் உள்ளவன். பெரிய ஆட்களை எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியதால், பெரிய ஆட்களைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்பது அவனுடைய நம்பிக்கை.

“மச்சான், வெறும் ஆக்களாய் நிண்டால் மதிக்கமாட்டினம். ஆளாளுக்கு ஒரு ரைட்டில் வேணும். நான் வைஸ் பிரசிடென்ட். தங்கச்சி மனேஜர். அன்ரி ரிசெப்ஷன்.”

“பொய் சொல்ல ஏலாது மச்சான்.”

“உது பொய்யே? உது மரியாதை.”

மேல்வீட்டு இராஜேஸ்வரி அன்ரி சேலை கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். “தம்பி, ரிசெப்ஷன் எண்டால் என்ன செய்யிறது?”

“போன் அடிச்சா எடுக்கிறது, அன்ரி.”

“அது நான் நாள் முழுக்கச் செய்யிறன்” என்றாள் அன்ரி நிம்மதியாக.

மகேஸ்வரனின் கண் எல்லோருடைய கால்களிலும் விழுந்தது. “ஒபிசிலை ஆரும் வெறுங்காலோடை நிக்கிறேல்லை. சப்பாத்துப் போடுங்கோ.” பாலேஸ்வரி பனிக்காலச் சப்பாத்தைத் தேடி எடுத்தாள். அன்ரி, மகனுடைய ஓட்டப்பந்தயச் சப்பாத்துக்குள் காலை விட்டாள். வீட்டுக்குள் சப்பாத்தோடு நிற்பது எல்லோருக்கும் பாவம் செய்ததுபோல் இருந்தது.

பதினொரு மணி அடிக்க வாசல் மணியும் அடித்தது. ஹாகன் உயரமான மனிதர். அவரோடு வந்த தொழில்நுட்பப் பணிப்பாளர் இங்கிரிட் அம்மையார் அவரைவிடக் கொஞ்சம் மூத்தவர். கறுப்புக் கோட்டு, நரைத்த தலை, சிரிக்காத முகம். இருவரும் படிவாசலில் குனிந்து, யாரும் சொல்லாமலே சப்பாத்துகளைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு இறங்கி வந்தார்கள்.

கீழே கொம்பனி முழுவதும் சப்பாத்தோடு நின்றது.

“எங்கள் ஊரிலும் வீட்டுக்குள் சப்பாத்துப் போடுவதில்லை” என்றார் ஹாகன் ஆங்கிலத்தில், அந்தக் கால்களைப் பார்த்தபடி. “ஆனால் உங்கள் வழக்கம் வேறு போலிருக்கிறது.”

அன்ரியின் சப்பாத்து முதலில் கழன்றது.

அறிமுகம் தொடங்கியது. “வைஸ் பிரசிடென்ட், போக்குவரத்து” என்றான் மகேஸ்வரன்.

“தொலைபேசிக் கொம்பனிக்குப் போக்குவரத்து எதற்கு?”

மகேஸ்வரன் கொஞ்சமும் கலங்கவில்லை. “சேர், குரல்களை ஏற்றி இறக்கத்தானே இந்தக் கொம்பனி.”

ஹாகன் தலையை ஆட்டினார். அம்மையாரும் ஆட்டினார். அன்புராசாவுக்கு அம்மையாரைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அவன் வரைபடத்தை விரித்து எல்லாவற்றையும் அவரிடமே விளங்கப்படுத்தினான். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. திரையை உற்றுப் பார்த்துவிட்டு “ம்” என்றார். பிழையைக் கண்டுபிடித்து மனதுக்குள் வைத்துக்கொண்டார் என்று அன்புராசாவுக்கு வியர்த்தது.

“பேசிக் காட்டுங்கள்” என்றார் ஹாகன்.

மோடம் கீச்சிட்டு இணைந்தது. லண்டனில் பின்னேரம் நான்கு மணியிலிருந்து காத்திருந்த ஜனார்த்தனின் குரல் வந்தது. “ஹலோ அன்பு, கேக்குதோ…”

அத்தோடு லைன் செத்தது.

அன்ரி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். “ஒருத்தரும் கதைக்கினமில்லை தம்பி. கீ கீ எண்டு சத்தந்தான் கேக்குது.”

“அன்ரி, ஏன் எடுத்தனீங்கள்? போன் அடிக்கேல்லையே.”

“அடிக்கும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். அடிக்கேல்லை. நான் சும்மா நிண்டால் அவை என்ன நினைப்பினம்?”

அன்ரிக்கு ஓய்வு கொடுத்துக் கதிரையில் இருத்தினார்கள். இரண்டாம் முறை இணைந்தது. ஜனார்த்தன் “என்ன நடந்தது?” என்று கேட்கத் தொடங்கினான். “க்ளிக்” என்றது. மறுபடியும் செத்தது.

வாசலில் மகேஸ்வரன் கைத்தொலைபேசியோடு நின்றான். “லைன் நல்லா இருக்கோ எண்டு அடிச்சுப் பாத்தன் மச்சான். இருக்கு.”

“நீ அடிச்சதிலைதான் அறுந்தது.”

“அப்ப திருப்பி அடிக்கட்டோ?”

ஹாகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைப் பாலேஸ்வரி பார்த்தாள். வந்தவர்களை வெறும் வயிற்றோடு காக்கவைத்துவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது. மேசை மின் அடுப்புக்குள் மீன் ரோல்சை அடுக்கி, விசையை முழுவதும் திருப்பினாள்.

மூன்றாம் முறை மோடம் கீச்சிட்டது. இணைந்தது. திரையில் பச்சை விளக்கு வந்தது. அந்தக் கணத்தில் மேல்வீட்டு மின்பெட்டியில் “டொக்” என்று ஒரு சத்தம். கொம்பியூட்டர், விளக்கு, அடுப்பு எல்லாம் ஒன்றாக அணைந்தன. ஜன்னல் இல்லாத பேஸ்மென்ட் பட்டப்பகலில் கும்மிருட்டானது.

இருட்டில் நிற்கும்போது மனிதனுக்கு மறைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அன்புராசா தொண்டையைச் செருமினான்.

“சேர், ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். இவர் வைஸ் பிரசிடென்ட் இல்லை. என் மனைவியின் அண்ணர், ரக்சி ஓட்டுகிறவர். இந்த அம்மா எங்கள் வீட்டுச் சொந்தக்காரி. ரோல்ஸ் சுட்டவர் என் மனைவி. இவர்கள் இல்லாமல் நான் ஒரு வரிகூட எழுதியிருக்கமாட்டேன். அதனால் ஐந்து என்று எழுதினேன். பதவிகள் மட்டும் இன்று காலையில் போட்டவை. மன்னிக்கவேண்டும்.”

இருட்டுக்குள் பாலேஸ்வரி தடவித் தடவி அடுப்பைத் திறந்து, தட்டை விருந்தினர் பக்கம் நீட்டினாள். பிறகு மெல்லும் சத்தம் கேட்டது.

“இது மக்கரல் மீன் அல்லவா?” என்றார் ஹாகன்.

“ஓம்” என்றாள் பாலேஸ்வரி. “யெஸ்.”

“இன்னொன்று கிடைக்குமா?” அவர் அதையும் மென்றுவிட்டுப் பேசினார். “என் முதல் கொம்பனி மீன் காயவைக்கும் கொட்டிலில் இருந்தது. ஒரு கப்பல் முதலாளி பார்க்க வந்த அன்று மின்சாரம் போய்விட்டது. அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த ஆள் வர இரண்டு வருடம் பிடித்தது. அவர் இன்னும் பத்து நிமிடம் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைப்பேன். நீங்கள் விளக்கைப் போடுங்கள். நான் இருக்கிறேன்.”

அந்தப் பத்து நிமிடத்தைப்போல ஒரு பெரிய பரிசை அன்புராசாவுக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

மகேஸ்வரன் ரக்சியிலிருந்து டோர்ச் எடுத்துவந்து மேலே ஏறினான். வெளிச்சம் வந்தது. கொம்பியூட்டர் எழும்பும்வரை அன்ரி விருந்தினரைச் சும்மா விடவில்லை. “நோர்வேயிலை என்ரை தங்கச்சியின்ரை மகன் இருக்கிறான். மீன் ஃபக்டரியிலை வேலை. உவருக்குத் தெரியுமோ எண்டு கேள் தம்பி.” ஹாகனுக்குத் தெரியவில்லை. ஆனால் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

நான்காம் முறை இணைந்தது.

“ஜனா, இன்னும் இருக்கிறியோ?”

“எங்கை போறது? நீ வருவாய்தானே.”

பக்கத்துக் கதிரையில் இருந்து பேசுவதுபோல் அந்தக் குரல் தெளிவாக இருந்தது. ஹாகன் மைக்கைக் கையில் எடுத்தார். “மிஸ்டர் ஜனார்த்தன், இந்தக் கொம்பனியில் உங்கள் பதவி என்ன?”

ஜனார்த்தனுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. “பதவியா? நான் அவனுடைய சிநேகிதன், சேர்.”

ஹாகன் மைக்கை மெதுவாக மேசையில் வைத்தார். பிறகு அன்புராசாவின் கையைப் பிடித்தார்.

“நான் முதல் போடுகிறேன். ஒப்பந்தத்தில் ஐந்து பெயரையும் எழுதுங்கள். நீங்கள் எண்ணியது சரி.”

பாலேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மகேஸ்வரன் வெளியே ஓடிப்போய் ரக்சியின் ஹோர்னை மூன்று தரம் அடித்தான். அன்ரி பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினாள். உடனே புகை எச்சரிக்கை மணி வீடே அதிர அலறியது. அதைக் கோயில் மணி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஹாகன் படியேறி முன்னால் போய்விட்டார். இங்கிரிட் அம்மையார் வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். அன்புராசாவுக்கு மனம் கேட்கவில்லை.

“மேடம், நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் தொழில்நுட்பத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?”

அம்மையார் ஹாகன் போன பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

“அதில் எனக்கு ஒன்றுமே தெரியாது, தம்பி. நான் பாலர் வகுப்பு ரீச்சர், அவனுடைய அக்கா. ‘அங்கே ஐந்து பேர் இருக்கிறார்கள், தனி ஆளாகப் போனால் மதிக்கமாட்டார்கள்’ என்று சொல்லி, காலையில் எனக்கு இந்தக் கோட்டைப் போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தான்.”