மாப்பிள்ளைக்கு நற்சான்று தந்த கசெற்

ஹிப் ஹொப் பாடல்களைத் தமிழில் முதன்முதலாக மொழிபெயர்த்த ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். அவை பாடல்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இங்கிலிஷும் தெரியாது.

எண்பத்தாறோ, எண்பத்தேழோ. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வீடு. அக்காவுக்கு லண்டனில் இருந்த ஒருவரைப் பேசி முடித்திருந்தார்கள். உள்ளூர் மாப்பிள்ளை என்றால் அப்பா நாலு பேரிடம் விசாரித்திருப்பார். லண்டனில் யாரைப் போய் விசாரிப்பது? அதனால், கூட இருப்பவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று அறியத் தரும்படி மாப்பிள்ளைக்கே கடிதம் போட்டார்.

பதிலுக்கு, ஊருக்கு வந்த ஒருவரின் கையில் ஒரு கசெற் வந்தது. அத்தான், அதாவது மாப்பிள்ளை, எப்போதும் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசித்தான் அனுப்புவார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், வெயிலில் காயவைத்த பற்றரிகளைக் கசெற் ரேடியோவில் போட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். யாரோ ஒருவர் இங்கிலிஷில் மூச்சு விடாமல் கதைக்கத் தொடங்கினார். பின்னால் டம், டம் என்று சத்தம். கொஞ்ச நேரத்தில் வேறொரு குரல். பிறகு இன்னொன்று.

கேட்டதற்காகத்தான் கூட இருக்கும் பெடியளைக் கதைக்க விட்டிருக்கிறார் என்று அப்பாவுக்குப் பெரிய சந்தோசம். என் பக்கம் திரும்பினார்.

"என்னவாம் பிள்ளை?"

நான் மூன்று வருடமாக இங்கிலிஷ் ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். (போனது உண்மை. கடைசி வாங்கில் உட்கார்ந்து புளியங்காய் தின்றதும் உண்மை.) விளங்கவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நானோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "அத்தான் குடிக்கிறேல்லையாம்" என்றேன்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குத் துணிவு வந்துவிட்டது. இரண்டாவது ஆள், அத்தான் பூசை தவறுவதில்லை என்றார். மூன்றாமவர் அவருடைய சமையலைப் புகழ்ந்தார். அது என்ன இடிச் சத்தம் என்று அம்மா கேட்க, பக்கத்தில் தொழிற்சாலை என்றேன். அக்கா குனிந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கம் முழுவதும் அத்தானைப் புனிதராக்கிவிட்டு, கசெற்றைத் திருப்பிப் போட்டோம்.

முதல் குரலே பெண் குரல். இளம் குரல், நல்ல கோபம் வேறு. நான் அவசரப்பட்டு, அத்தான் இருக்கும் வீட்டின் சொந்தக்காரி, மீன் பொரிக்க வேண்டாம் என்று ஏசுகிறா என்றேன்.

"இவ்வளவு நேரமுமோ?" என்றார் அம்மா.

அப்போது பார்த்து அந்தப் பெண் கலகலவென்று சிரித்தாள். அக்கா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். அப்பா ரேடியோவை நிறுத்தினார்.

"இந்தச் சம்பந்தம் வேண்டாம். நாளைக்கே எழுதிப்போடுறன்."

குசினியில் அக்கா அழுவது கேட்டது. என் புளுகால் அவளுடைய கலியாணம் நிற்கப் போகிறது.

"அப்பா, எனக்கு இங்கிலிஷ் தெரியாது."

"அப்ப, அந்தப் பெடியள் நல்லவர் எண்டு சொன்னது?"

"அதுவும் நான்தான் சொன்னனான்."

அத்தானின் கெட்ட பெயரோடு நல்ல பெயரும் போய்விட்டது. அப்பா ரேடியோவையும் என்னையும் தூக்கிக்கொண்டு பங்குச் சுவாமியாரிடம் போனார். சுவாமியார் கண்ணை மூடிக் கேட்டார். அவருடைய கால் தன்பாட்டில் தாளம் போட்டது. பல பேர் பாடிய பாட்டுகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள், அந்தப் பெண்ணும் பாட்டுக்காரிதான் என்றார்.

"பாட்டெண்டால் ராகம் எங்க சுவாமி?" என்றார் அப்பா. சுவாமியார் கசெற்றை இன்னொரு தரம் போட்டார்.

அடுத்த கிழமை, கசெற் கொண்டுவந்தவர் திரும்ப வந்து, பையின் அடியில் மறந்துபோய்க் கிடந்ததாகச் சொல்லி, அத்தான் பேசிய இன்னொரு கசெற்றைத் தந்தார். பாட்டுக் கசெற் எனக்காம். தங்கச்சி இங்கிலிஷில் கெட்டிக்காரி என்று அக்கா எழுதியிருந்தாளாம்.

கலியாணம் நடந்தது. அதற்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று. முதல் ஞாயிறு, 'தடை ஏதும்' என்ற இடத்தில் சுவாமியார் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் நேரே என்னைப் பார்த்தார். எங்கள் வாங்கு முழுவதும் திரும்பியது.

அன்று தொடக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கு ஓலை வாசித்தாலும், அந்த இடம் வந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். போன வருடம் என் மகளுக்கு வாசித்தபோது, முதலில் திரும்பியவள் அவள்தான்.