மருந்தடிக்காத மருந்தடி அண்ணாச்சி

பூச்சிக்கு மருந்தடிக்க வந்த வீட்டில், மருந்தடிக்கவே கூடாது என்று வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்கிற மருந்தடிக்காரர், தெற்கே கன்னியாகுமரியிலிருந்து வடக்கே காசர்கோடு வரைக்கும் தேடினாலும் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவரும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த சந்தில் மலையாளிகள் அவரை மருந்தடிச் சேட்டன் என்பார்கள். நாகர்கோவில்காரர்களான எனக்கும் என் மனைவி ஜெயாவுக்கும் மருந்தடி அண்ணாச்சி. குழித்துறைப் பக்கத்து ஆள். முதுகில் பித்தளைப் பம்பு, காக்கிச் சட்டை, நல்ல உயரம். கிட்டே வந்தால் மருந்து நெடிக்குப் பதிலாகச் சோப்பு வாசனைதான் வரும். அந்தப் பம்புக்குள் அவர் மருந்து ஊற்றி நான் பார்த்ததில்லை. ஒரு தடவை எங்கள் நடையில் அது உருண்டு விழுந்தபோது காலிக் குடம் போலச் சத்தம் கேட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. நான் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா. குடியிருந்தது பழைய ஓட்டு வீடு. சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்புகள். வீட்டில் எங்களைத் தவிர இரண்டு பேர்: கைசர் என்கிற நாட்டு நாய், அம்மிணி என்கிற பூனை. இரண்டையும் ஜெயாதான் மழையில் நனைந்து கிடந்த இடத்திலிருந்து எடுத்து வந்தாள்.

அந்த வீட்டுக்கு மழைக்காலம் வந்துவிட்டால் நாங்கள்தான் விருந்தாளிகள். குளியலறையில் உள்ளங்கை அகலத்துக்கு எட்டுக்கால் பூச்சி உட்கார்ந்திருக்கும். அது எழுந்து போகிற வரைக்கும் நான் துண்டோடு வெளியே நிற்பேன். ஒரு நாள் காலையில் அம்மிணி ஒரு சாண் நீளத்துக்குப் பூரான் ஒன்றைக் கவ்விவந்து, ஜெயாவின் தலையணையில் உயிரோடு வைத்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் ஜெயா நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். உண்ணியைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதலில் கைசரின் காது மடலில் நாலைந்து தெரிந்தன. பத்து நாளில் அவை சுவரில் ஏறத் தொடங்கின. காலண்டரைத் தூக்கினால் அதன் பின்னால் ஒரு கூட்டம். திரைச்சீலை மடிப்பில் ஒரு கூட்டம். கதவு இடுக்கில் மிளகைக் கொட்டியது போலக் கிடந்தன. எதைப் பார்த்தாலும் உண்ணியாகத் தெரிந்தது. ரசத்தில் மிளகு மிதந்தால்கூட எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். அலுவலகத்தில் ஒரு நாள் மேனேஜர் மேஜை முன்னால் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். என் சட்டைக் கையிலிருந்து ஓர் உண்ணி இறங்கி, கோப்பின் குறுக்கே நிதானமாக நடந்தது. அவர் அதைப் பேனா நுனியால் நிறுத்திவைத்து, இது உங்களுடையதா என்று கேட்டார். அன்று மாலை பழவங்காடி டீக்கடை ஒன்றின் போன் நம்பரை யாரோ கொடுத்தார்கள். மருந்தடி அண்ணாச்சிக்குச் சொல்ல வேண்டியதை அந்தக் கடையில் சொன்னால் போதும் என்றார்கள்.

அவரைப் பற்றிய புகழ் பிறகுதான் என் காதுக்கு வந்தது. கழக்கூட்டம் என்கிற ஊரில் ஒரு ஹாஸ்டலுக்குப் போனவர், அங்கே யாரோ அட்டைப்பெட்டியில் அணில் குஞ்சு வளர்ப்பதைப் பார்த்துவிட்டு, பம்பை இறக்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாராம். கோட்டைக்குள் ஓர் அக்ரஹாரத்து மாமி வீட்டில் கிளி இருந்தது. அங்கே கரையானுக்கு மருந்தடிக்க முடியாது என்று மாமியோடு அவர் மூன்று நாள் வாதாடியதில், அந்தக் கிளி வாசலில் யார் வந்தாலும், “அடிக்கப்படாது” என்று சொல்லத் தொடங்கியதாகக் கேள்வி.

எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் சுவரையும் காலண்டரையும் காட்டக் காத்திருந்தேன். அவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்து கையை நீட்டினார். கைசர் அரை மணி நேரம் முகர்ந்தது. அதற்குப் பிறகு கேள்விகள். நாய் எங்கே படுக்கும், பூனை எங்கே படுக்கும், இரண்டும் ஒரே சாக்கிலா, தண்ணீர்க் கிண்ணம் எந்த மூலையில். எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு எழுந்தார்.

“அடிக்கப்படாது சாறே” என்றார்.

ஏன் என்று கேட்டேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

“மருந்து தரையில கெடக்கும். நாயி அதுல படுக்கும், உடம்ப நக்கும். பூனை அதுல நடக்கும், காலை நக்கும். இந்த வீட்டுல நக்காத ஆளு நீங்க ரெண்டு பேருமாக்கும். உங்கள மட்டும் பாத்து மருந்தடிக்க முடியுமா?”

பிறகு அவருடைய வைத்தியம் தொடங்கியது. துணி, விரிப்பு, சாக்கு எல்லாம் கொதிக்கிற தண்ணீரில். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். வெடிப்புகளில் கெட்டில் கெட்டிலாக வெந்நீர். சுவரில் இருப்பதை ஒவ்வொன்றாகக் குறட்டால் எடுத்துச் சோப்புத் தண்ணீர்ப் பாட்டிலில் போட வேண்டும், கையால் நசுக்கக் கூடாது. கைசரைத் தானே மிருக ஆஸ்பத்திரிக்கு நடத்திப் போய், டாக்டர் எடை பார்த்துக் கொடுத்த மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு வந்தார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடுவார். நான் ஸ்டூல் மேல் நின்று உத்தரத்தில் உண்ணி பொறுக்குவேன். ஜெயா கதவு இடுக்கில் பொறுக்குவாள். அண்ணாச்சி நடுக்கூடத்தில் கைசரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இடது மூலையை விட்டுவிட்டீர்கள் சாறே, காலண்டர் ஆணியைப் பாருங்கள் சாறே என்று மேற்பார்வை செய்வார். மருந்தடிக்க வந்தவர் தடவிக்கொடுக்கிறார், தடவிக்கொடுக்க வேண்டியவர்கள் பூச்சி பிடிக்கிறோம் என்று ஜெயா சொன்னாள். சொன்னாளே தவிர, அவருக்குப் பிடிக்கும் என்று ஞாயிறுதோறும் மீன் குழம்பு வைத்தாள்.

ஐந்து ஞாயிறுகள் போயின. பாட்டில் நிரம்பியது, சுவர் காலியாகவில்லை. ஒரு வெடிப்பிலிருந்து கடுகை விடச் சின்னக் குஞ்சுகள் திரள் திரளாக இறங்குவதைப் பார்த்த அன்று, நான் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ராத்திரியில் காலில் ஏதோ ஊர்கிறது என்று எழுந்து விளக்கைப் போடுவேன், ஒன்றும் இருக்காது. அணைத்தால் மறுபடியும் ஊரும். அடுத்த வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற டீச்சர். அவர் மதில் பக்கம் வந்து, எங்களுக்குப் புரியட்டும் என்று தமிழ் கலந்து சொன்னார். “இந்த மாசத்தோட ஒண்ணுகில் நாயும் பூச்சயும் போகணும், அல்லெங்கில் நிங்ஙள் போகணும், கேட்டோ.” பூச்ச என்றால் மலையாளத்தில் பூனை. எனக்கு ஒரு கணம் பூச்சி என்று காதில் விழுந்தது. பூச்சி போவதாக இருந்தால் நானே முதலில் கும்பிடு போட்டிருப்பேன்.

மாசம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. வேறு வீடு பார்த்தோம். நாய் என்றதும் கதவு மூடியது, பூனை என்றதும் ஜன்னலும் மூடியது. கைசரை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று நான் கேட்டதற்கு ஜெயா நாற்காலியைத் தூக்கிக் கைசரின் பக்கத்தில் போட்டாள். இரண்டு நாள் அதிலேயே தூங்கினாள்.

மூன்றாம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைத்தெருவில் ஒரு பொட்டலம் பூச்சிப்பொடி வாங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஜெயா மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில், சுவர் ஓரமெல்லாம் தூவினேன். கைசர் படுக்கிற சாக்கிலும் தூவினேன். கைசரை வெளியே கட்டிவிட்டேன். அம்மிணியை மறந்துவிட்டேன்.

ஜெயா திரும்பி வந்து கூப்பிட்டபோது போய்ப் பார்த்தேன். அம்மிணி அந்தச் சாக்கின் மேல் கிடந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, வாயோரம் நுரை. ஜெயா சாக்கைப் பார்த்தாள், வெள்ளைப் பொடியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு உண்ணிகள் எவ்வளவோ தேவலை. டீக்கடைக்குப் போன் செய்தேன்.

அண்ணாச்சி ஆட்டோவில் வந்து இறங்கினார். முதுகில் பம்பு இல்லை. பொட்டலத்தை வாங்கி ஒரு தடவை படித்தார். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் கேட்டார். நடுங்கிக்கொண்டிருந்த அம்மிணியைப் பக்கெட்டில் நிறுத்தி, கால் விரல் இடுக்கு வரைக்கும் கழுவினார். துண்டில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பொடிப் பொட்டலத்தை டாக்டருக்குக் காட்ட என் கையில் கொடுத்தார்.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு, சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணாச்சி பேசத் தொடங்கினார்.

“எனக்க வீட்டுலயும் ஒரு நாயி இருந்துது சாறே. பிளாக்கின்னு பேரு. ரப்பர் தோட்டத்துல மருந்தடிச்சிட்டு வந்து கெணத்தடியில பம்பு கழுவினேன். குழியில தேங்கின தண்ணிய அது குடிச்சிருக்கு. நான் உள்ள சோறு தின்னுக்கிட்டிருந்தேன்.”

ஜெயா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அன்னைக்கு என்னைய ஒருத்தரும் ஏசல்ல. எல்லாரும், போட்டு, விடு, தெரியாம நடந்ததுதானேன்னு சொல்லிட்டாங்க. நாலு ஏச்சு கிடைச்சிருந்தா மனசு ஆறியிருக்கும். ஆறவே இல்ல. அதனால உங்களுக்கு நான் சொல்லுதேன். நீங்க செய்தது சுத்த மடத்தனம். படிச்ச ஆளு செய்யுற காரியமா இது?”

தொடர்ந்து பத்து நிமிஷம் ஏசினார். குழித்துறை வசவுகள், பாதி எனக்கே புரியவில்லை. கேட்கக் கேட்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் இறங்கியது. அவ்வளவு கரிசனமாக என்னை யாரும் அதற்கு முன்பும் ஏசியதில்லை, பிறகும் ஏசியதில்லை.

ஆஸ்பத்திரி மூடுகிற நேரத்தில் அம்மிணி தலையைத் தூக்கியது. பார்க்க ஆசையாகக் குனிந்த அண்ணாச்சியின் கட்டைவிரலை நறுக்கென்று கடித்தது. அவர் ரத்தம் வந்த விரலை எங்களிடம் நீட்டி, பல்லில் நல்ல பலம் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். டாக்டர் அவருக்கும் ஓர் ஊசிக்குச் சீட்டெழுதி, பக்கத்து மனுஷ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

மறுநாள் விரலில் கட்டோடு வந்தார். நானும் அவரும் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, நான் தூவிய பொடியை ஒரு துகள் விடாமல் துடைத்தெடுத்தோம். அந்தச் சாக்கையும் கட்டி அப்புறப்படுத்தினோம். அது முடிந்ததும் அவர் நேராக டீச்சர் வீட்டுக்குப் போனார். காலில் விழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாசலிலேயே நின்று மெதுவாகச் சொன்னார்.

“இவங்கள காலி பண்ணச் சொல்லுங்க டீச்சறே, நல்லதுதான். ஆனா உண்ணி இருக்கது உங்க சுவருக்குள்ளயாக்கும். தீனி இல்லாட்டியும் மாசக்கணக்குல உயிரோட கெடக்கும். நாயி போயிட்டா, பசியில அடுத்த வீடு எதுன்னுதான் பாக்கும்.”

டீச்சர் மதிலைப் பார்த்தார். அவர் வீடு மதிலுக்கு ஏழடி தள்ளி இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கொத்தனார் வந்துவிட்டார். நாலு நாளில் வீட்டில் ஒரு வெடிப்பு பாக்கியில்லை. அத்தனை வருஷமாக ஓர் ஓடு மாற்றித் தராத அம்மா, வெள்ளையும் அடித்துக் கொடுத்தார். நாங்கள் அங்கேயே இருக்க வேண்டும், நாயும் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் குறட்டோடுதான் போயின. ஆனால் பாட்டிலில் விழுகிறது வாரா வாரம் குறைந்தது. மழை விட்டு, வெயில் வந்து, ஒரு ஞாயிறு காலையில் மூன்று பேரும் வீடு முழுக்கத் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. ஜெயா சிரித்தாள். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி வெறும் தரையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டேன். அண்ணாச்சி மட்டும் நெடு நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைசரின் காதை ஒரு தடவை புரட்டிப் பார்த்து, அப்போ நான் வரட்டுமா என்று எழுந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கைசர் காலையிலிருந்து கேட் பக்கமே படுத்துக் கிடந்தது. கடைத்தெருவில் அவரைப் பார்த்தபோது ஏன் வரவில்லை என்று கேட்டேன். வேலை இல்லாமல் வீடுகளுக்குப் போய் நிற்கிற பழக்கம் தனக்கு இல்லை என்று சொன்னார். சும்மா வாங்க என்று எவ்வளவோ கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்து ஜெயாவிடம் சொன்னேன்.

அந்த வாரத்து ஞாயிறு காலையில் அவள் டீக்கடைக்குப் போன் செய்வது காதில் விழுந்தது. அண்ணாச்சியிடம் அவசரமாகச் சொல்ல வேண்டும், அடுக்களையில் ஒரு கரப்பான், நல்ல பெரிசு, ரெண்டு இருந்தாலும் இருக்கும் என்று சொன்னாள். பதினொரு மணிக்குக் கேட் திறந்தது. கைசர் குரைத்த குரைப்பில் சந்தே திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி பம்பை இறக்கி வைத்துவிட்டு, எங்கே தங்கச்சி கரப்பான் என்று கேட்டபடி நேராக அடுக்களைக்குள் போனார்.

அன்று அடுக்களையில் கரப்பான் இல்லை. மீன் குழம்பு இருந்தது.